மூன்று மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை

"23.07.2011, சனி. காலையில் தூறல். மதியம் கோயிலில் சாப்பாடு (மூன்று தரம்). தங்க இடம் கிடைத்தது. விவரம் பின்னர்."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. சிட்னிக்கு மாணவனாக வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் எழுதி வருபவன் நான். பென்டில் ஹில் வீட்டுக் குழாய் எந்தத் திகதியில் ஒழுகத் தொடங்கியது, எந்தத் திகதியில் அதைத் திருத்த ஆள் வந்தான், எந்தத் திகதியில் அது மறுபடியும் ஒழுகியது என்பதற்கெல்லாம் என்னிடம் பதிவு உண்டு. அப்படிப்பட்டவன் தன் வாழ்க்கையின் மிக நீளமான நாளை நான்கு வரியில் முடித்துவிட்டு, "விவரம் பின்னர்" என்று பேனாவை மூடியிருக்கிறான் என்றால், அன்றைக்கு அவன் முகத்தில் எவ்வளவு அசடு வழிந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் "பின்னர்" இப்போதுதான் வந்திருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பரமட்டாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றி வரவேண்டும் என்பது எனக்கும் செந்திலுக்கும் நெடுநாள் ஆசை. செந்தில் பொள்ளாச்சிக்காரன், மாணவக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், பிறகு வேலை கிடைத்து மெல்பேர்னுக்குப் போய்விட்டான். அம்மாவிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, அவர் வழக்கத்துக்கு மாறாக உடனே சம்மதித்தார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"போறதெண்டாப் போ. ஆனா கடைசியா ஜேர்மனியில அந்த வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரவேணும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணி எண்டு சொல்லிப்போட்டன். முகத்தை வழிச்சு, கோட்டுப் போட்டு, மனிசன் மாதிரிப் போ."

"அந்த வீடு" என்பது கந்தையா இராசநாயகம் என்பவரின் வீடு. அவருக்குத் தாரணி என்று ஒரு மகள். இரு பக்கமும் சாதகம் பார்த்து, பயோடேட்டா மாறி, படங்கள் மாறியாகிவிட்டது. என் படத்தை மெரிலேண்ட்ஸில் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தோம். கோட்டு, டை, மழித்த முகம், பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. என் பயோடேட்டா நான்கு பக்கம். (அம்மா ஒரு பக்கம் போதும் என்றார். எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தத் திகதியில் சேர்ந்தேன், எந்தத் திகதியில் விலகினேன் என்பதை விட்டுவிட்டு எழுதினால் அது என்ன வரலாறு என்று நான் சண்டை போட்டேன்.) தாரணியின் பயோடேட்டா அரைப் பக்கம். அதில் "பொழுதுபோக்கு" என்ற இடத்தில், "இல்லை. நேரம் கிடைப்பதில்லை" என்று எழுதியிருந்தாள். இசை, சமையல், புத்தகம் என்று எழுதிய அத்தனை பயோடேட்டாக்களையும் வாசித்துச் சலித்திருந்த எனக்கு, அந்த வரி நேரே வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. இந்தப் பெண்ணிடம் 'சரி' என்ற பதிலை வாங்கிவிட வேண்டும் என்று, வெளியே காட்டிக்கொள்ளாமல், மிகவும் விரும்பினேன்.

பயணத்துக்கு நான் பதினான்கு பக்கத்தில் ஓர் அட்டவணை தயாரித்தேன். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எந்த மேடையில், எந்த ஊரில் எந்த அரும்பொருட்சாலைக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தது. செந்தில் அதை விமானத்தில் வாங்கிப் பார்த்தான்.

"மாப்ள, இதுல ஒண்ணுக்குப் போறதுக்கு நேரம் போட்டிருக்கியா?"

ஜூன் 27ஆம் திகதி ஏதென்ஸில் இறங்கினோம். அக்ரோபோலிஸின் உச்சியில் நின்று, அந்தத் தூண்கள் எந்த நூற்றாண்டில் எழுந்தன, எப்போது உடைந்தன என்று நான் உணர்ச்சியோடு விளக்கினேன். செந்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊர்க் கோயில்ல கூரையாவது இருக்கும்டா" என்றான். அங்கிருந்து கப்பலில் இத்தாலி. ரோமில் மூன்றாம் நாள் என் விளக்கத்தின் நடுவில் அவன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். வெனிஸில் என் முதுகுப் பையின் வார் அறுந்தது. துணி காயப்போடும் கயிறு ஒன்றை வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். வியன்னாவில் ரயிலைத் தவறவிட்டு நிலையத்து வாங்கிலேயே படுத்தோம். சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் வந்த ரயிலில்தான் பெரிய இழப்பு. கோட்டு, வெள்ளைச் சட்டை, சப்பாத்து, சவர சாமான் எல்லாம் ஒரு சிறு பையில் தனியாக இருந்தன. இறங்கும்போது பைகளை எண்ணுவது என் பொறுப்பு. எண்ணினேன், மூன்று இருந்தன. மூன்றாவதாக நான் எண்ணியது செந்திலின் தண்ணீர்ப் போத்தல் உறை என்பது, ரயில் போன பிறகுதான் தெரிந்தது.

"பரவால்ல விடு. சனிக்கிழமை அங்க போய்ச் சட்டை வாங்கிக்கலாம், சவரம் பண்ணிக்கலாம். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குத்தான மாப்பிள்ளை" என்றான் செந்தில்.

அப்படித்தான் ஜூலை 23ஆம் திகதி காலையில் அந்த ஊரில் வந்து இறங்கினோம். ஜேர்மனியின் மேற்கே ஒரு சிறிய ஊர். (பெயர் வேண்டாம் என்று மாமனார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.) விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், என் பதிவுத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, மிக மரியாதையாகத் திருப்பித் தந்தாள். நான் பதிவு செய்திருந்தது ஓகஸ்ட் 23. என் வாழ்நாளில் நான் விட்ட ஒரே திகதிப் பிழை அது. விடுதியில் இடமில்லை, ஏதோ விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகள் வந்து நிறைந்திருந்தார்கள்.

தெருவில் நின்று யோசித்தபோதுதான் செந்தில் தூரத்தில் மேளச் சத்தத்தைக் கேட்டான். ஒரு பழைய பண்டகசாலையைக் கோயிலாக்கியிருந்தார்கள். அன்றைக்குத் தேர்.

"கோயில்னா சோறு இருக்கும்" என்றான் செந்தில். இருபத்தாறு நாளாகப் பாணும் சீஸும் தின்றவனின் குரல் அது.

"வேண்டாமடா. அவையள் ஆராவது நிண்டா?"

"உன் போட்டோவப் பாத்தவன் ஒருத்தனும் இப்ப உன்னைப் பாத்து நீதான்னு சொல்ல மாட்டான். நானே சொல்ல மாட்டேன்."

அது உண்மைதான். இருபத்தாறு நாள் தாடி, வெயிலில் கறுத்து உரிந்த மூக்கு, கயிற்றால் கட்டிய பை. கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தியில் உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல். மூன்றாவது தரம் சோறு வாங்கியபோது, குழம்பு வாளியோடு வந்த ஒரு மனிதர் எங்கள் முன்னால் நின்றார். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவான வயது, இடுப்பில் சால்வை. எல்லோரும் அவரை "ராசண்ணை" என்று கூப்பிட்டார்கள். அவர் எங்களையும், பக்கத்தில் இருந்த பைகளையும், அந்தக் கயிற்றையும் பார்த்தார்.

"தம்பியவை எப்ப வந்தனியள்?"

"இண்டைக்குக் காலமை, ஐயா."

"எந்தப் பக்கத்தால?"

எனக்கு வழி கேட்டால் போதும், வரிசை பிசகாமல் சொல்லிவிடுவேன். "கிரேக்கத்தில இறங்கி, அங்கயிருந்து கப்பல்ல இத்தாலி, பிறகு ஒஸ்ரியா, பிறகு இங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எத்தினை நாள் எடுத்தது?"

"இருபத்தாறு."

"படுக்கை எல்லாம்?"

"கிடைச்ச இடத்தில. வியன்னாவில ஸ்ரேசன்லதான்."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் சாப்பிடுவதை நிறுத்தினார். ராசண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஏஜென்சிக்காரன் எங்க கொண்டுவந்து விட்டவன்?"

எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. ஏஜென்சிக்குக் காசு கட்டி, களவாக எல்லை தாண்டி வந்த அகதிகள் என்று எங்களை நினைத்துவிட்டார். ஆனால் செந்திலுக்கு விளங்கவில்லை. அவன் வாழைக்காயை மென்றபடி, பெருமையோடு சொன்னான்.

"ஏஜென்சி எல்லாம் இல்லீங்க. நாங்களே இன்டர்நெட்ல பாத்துப் பாத்து வந்துட்டோம்."

"கேட்டியளே!" என்று பெரியவர் அடுத்த ஆளிடம் திரும்பினார். "இப்ப இன்ரநெற்றாலயே வாறாங்களாம்!"

"இவர் கதைக்கிறது ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார் அடுத்த ஆள், செந்திலைக் காட்டி.

"இந்தியாவில முகாமில வளர்ந்த பெடியன்போல" என்று ராசண்ணையே விளக்கம் சொன்னார். "பாவங்கள். அங்கயும் நிம்மதி இல்லை."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "ஐயா, நாங்கள் அவுஸ்திரேலியாவில் இருந்து ஊர் சுற்ற வந்தவர்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு எது தடையாக இருந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மூன்று தரம் சாப்பிட்டுவிட்டேன் என்பது ஒன்று. எல்லோரும் கண் கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மற்றது. அத்தனை இரக்கத்தை ஒரு வாக்கியத்தால் வெட்கமாக மாற்ற எனக்குத் துணிவு வரவில்லை. மெதுவாகக் கழன்றுவிடலாம் என்று நினைத்தேன்.

"இரவைக்கு எங்க தங்கிறியள்?"

"ஒரு இடமும் இல்லை" என்றேன். அதுவும் உண்மைதான்.

நாலு மணிக்கு நாங்கள் ராசண்ணையின் காரில் இருந்தோம். பெயர் கேட்டார். "ரூபன்" என்று வீட்டுப் பெயரைச் சொன்னேன். பயோடேட்டாவில் இருக்கிற கிருபாகரன் வேறு யாரோ என்பதுபோல.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி (எங்களுக்கு அன்ரி) நின்றார். ராசண்ணை ஏதோ காதில் சொன்னதும், "ஐயோ, வாங்கோ பிள்ளையள், கால் நோகும், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருந்தேன். நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் பட்டமளிப்பு உடையில் ஒரு பெண்ணின் படம் தொங்கியது. அதே படத்தின் சிறிய பிரதி என் பையில், அட்டவணையின் பதினான்காம் பக்கத்தோடு, கிளிப் போட்டு இருந்தது.

செந்திலும் பார்த்தான். என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் ஆயிரம் வோல்ட் வெளிச்சம்.

"மாப்ள," என்று முணுமுணுத்தான், "நீ ஒரு நாள் முன்னாடியே வந்துட்டடா."

குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு நாட்காட்டி. நாளைய திகதியைச் சிவப்பில் வட்டமிட்டு, "அவுஸ்ரேலியா - 3 மணி" என்று எழுதியிருந்தார்கள். அன்ரி தேநீரைத் தந்தபடி சொன்னார்:

"நாளைக்கு மகளைப் பாக்க மாப்பிள்ளை வாறார், அதுதான் வீடு இப்பிடிக் கிடக்கு. நீங்கள் குறைநினையாதேங்கோ. அவை வாற நேரம் மட்டும் ரெண்டு பேரும் மேல் அறையில இருங்கோ. திங்கக்கிழமை இவர் லோயரிட்டைக் கூட்டிக்கொண்டு போவார்."

குளித்துவிட்டு வந்தபோது மாற்றிக் கட்ட ராசண்ணையின் சாரமும் ஒரு பழைய ரீசேட்டும் கதவில் தொங்கின. நான் என்ன செய்வது? ஓடலாம் என்றால் என் உடுப்பெல்லாம் அவர்களுடைய சலவை இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கக் கூச்சமாக இருந்ததால், ஏதாவது உதவி செய்யட்டுமா என்று கேட்டேன். அன்ரி ஒரு கூடை வெங்காயத்தைத் தந்தார். நாளைய மாப்பிள்ளைக்கு றோல்ஸ் செய்ய.

என்னைப் பெண் பார்க்க அழைத்த வீட்டில், எனக்கான றோல்ஸுக்கு, நானே வெங்காயம் உரித்தேன். உரிக்க உரிக்கப் பேச்சு மாப்பிள்ளையின் மேல் வந்து விழுந்தது.

"பெடியன் எப்பிடிங்க?" என்று செந்தில் கேட்டான். அவனுக்கு வெங்காயம் உரிக்கும்போதுகூடச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்ரி கையில் இருந்த மாவைப் பார்த்தபடி யோசித்தார். "நல்ல பெடியன் எண்டுதான் சொல்லினம். ஆனா ஒரு மாதிரி ஆள்போலக் கிடக்கு. பயோடேட்டா நாலு பக்கம் அனுப்பியிருக்கிறார். ஆறாம் வகுப்பில எந்தத் திகதி சேர்ந்தவர் எண்டெல்லாம் கிடக்கு."

"நாலு பக்கமுங்களா?"

"ஓம். சின்ன எழுத்தில."

"பாவம், கூட வாழப்போற பொண்ணு" என்றான் என் உயிர் நண்பன்.

நான் கண்ணைத் துடைத்தேன். அன்ரி, "வெங்காயம் காரம் தம்பி, முகத்தைக் கழுவும்" என்றார்.

ஆறு மணிக்குத் தாரணி வந்தாள். சமூகசேவை அலுவலகம் ஒன்றில் அகதிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தாள் என்பது பயோடேட்டாவிலேயே இருந்தது. அந்த நேரம்வரை அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவில்லை. தகப்பன் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். அவள் எங்களைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். கைப்பையை வைத்தாள். ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நேரத்தை வீணாக்காத பெண் என்று நான் நினைத்தது சரிதான்.

"திங்கக்கிழமைக்கு முதல் இதை நிரப்பி வைச்சா நல்லது. வெளிக்கிட்ட திகதி ஞாபகம் இருக்கோ?"

பொய் சொல்லக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். அதைவிடத் திகதி கேட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது.

"ஜூன் இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை."

"கிரேக்கத்துக்கு?"

"இருபத்தேழு. பின்னேரம். முப்பதாம் திகதி கப்பல் ஏறினது. முதலாம் திகதி காலமை இத்தாலி. ஐந்தாம் திகதி வரைக்கும் ரோம். எட்டாம் திகதி வெனிஸ், அங்க பைவார் அறுந்தது. பன்ரெண்டாம் திகதி..."

எழுதிக்கொண்டிருந்த அவள் பேனாவை நிறுத்தினாள். நிமிர்ந்து என்னை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். பிறகு படிவத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த நேரம்தான் ராசண்ணை மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு தடித்த குளிர்ச் சட்டை. மண்ணிறம், முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது.

"இது நான் எண்பத்தைந்தில கிழக்கு பேர்லின் பக்கத்தால வந்து நிக்கேக்க, ஒரு வெள்ளைக்காரக் கிழவி கழட்டித் தந்தது. அவவின்ர மனிசன்ரயாம். அவவின்ர பேர்கூட எனக்குத் தெரியாது. தம்பி, இப்ப வெய்யில் எண்டு நினையாதேயும். ஒக்டோபருக்குப் பிறகு குளிர் கொல்லும். நீர் போடும்."

அவர் அதை என் தோளில் போட்டார். வேறு எதையும் என்னால் சமாளித்திருக்க முடியும். சாரத்தோடு, வெங்காய மணத்தோடு, தோளில் அந்தச் சட்டையோடு எழுந்து நின்றேன்.

"அங்கிள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நாளைக்கு மூண்டு மணிக்கு வாற மாப்பிள்ளை நான்தான்."

ராசண்ணை அன்ரியைப் பார்த்தார். பிறகு அன்ரி மிக மென்மையாக, "தம்பிக்குக் களைப்பு" என்றார். "இரும் பிள்ளை. ஒரு கப் பால் கொண்டுவாறன்."

"இல்லை அன்ரி, உண்மையாத்தான்!"

ஓடிப்போய்க் கடவுச்சீட்டை எடுத்து வந்தேன். ராசண்ணை அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பெயரைக் கவனிக்காமல், ஒரு தாளை நகத்தால் சுரண்டினார்.

"அவுஸ்ரேலியா. நல்ல வேலை," என்றார் உண்மையான மதிப்போடு. "எங்கட காலத்தில இப்பிடிச் செய்ய ஆள் இருக்கேல்லை. ஆனா படத்தை ஒட்டேக்க கொஞ்சம் கவனிச்சிருக்கலாம். உம்மட முகத்துக்குக் கிட்டவும் இல்லை."

"அங்கிள், அது என்ர படம்தான்!"

"தம்பி, இதை வைச்சிருக்காதேயும். கேசுக்குக் கூடாது."

செந்தில் உதவிக்கு வந்தான். தன் இந்தியக் கடவுச்சீட்டை நீட்டினான். அதையும் புரட்டிப் பார்த்த ராசண்ணை, "இது அவ்வளவு சரிவரேல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். இந்தியக் குடியரசின் அசல் கடவுச்சீட்டு.

"அப்பா," என்றாள் தாரணி. அவள் எங்கிருந்தோ நான்கு தாள்களை எடுத்து வந்திருந்தாள். சின்ன எழுத்து. தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. "கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒண்டு கேக்கிறன்." மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். "வாசிப்புப் போட்டியில ரெண்டாம் பரிசு. எப்ப?"

"தொண்ணூற்றி நாலு, ஒக்டோபர் பதினாலு. வெள்ளிக்கிழமை" என்றேன். "முதல் பரிசு எனக்குத்தான் வந்திருக்கவேணும்."

அவள் தாள்களை மேசையில் வைத்தாள்.

"அவர்தான் அப்பா. எங்களிட்டை வாற ஆக்கள் முதல்ல மறக்கிறது திகதியைத்தான். கிழமை, மாசம், சில பேருக்கு வருஷம்கூடத் தெரியாது. இவருக்குப் பை அறுந்த திகதிகூடத் தெரிஞ்சிருக்கு."

அன்ரி பாற்கோப்பையோடு குசினி வாசலில் நின்றார். சலவை இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ராசண்ணை கடவுச்சீட்டை மூடி, என்னிடம் தந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்தார்.

"ஏன் தம்பி கோயில்லயே சொல்லேல்லை?"

"பசி, அங்கிள். பிறகு வெக்கம்."

"ம்." கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "சிட்னியிலயும் கப்பல்ல வந்த பெடியளைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்களாமே. நீர் போய்ப் பாக்கிறனீரோ?"

அவர்களை அடைத்து வைத்திருக்கும் வில்லாவுட் தடுப்பு முகாம் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம்கூட இல்லை. "இல்லை அங்கிள்" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பதில்களிலேயே எனக்குக் கஷ்டமாக இருந்தது அதுதான். என் நாட்குறிப்பில் குழாய் ஒழுகிய திகதி இருக்கிறது. அங்கே போன திகதி ஒன்றுகூட இல்லை.

இனி என்ன, பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். ராசண்ணை நிமிர்ந்தார்.

"எங்க போறீர்? இடமில்லை எண்டு சொன்னது உண்மைதானே?"

"உண்மைதான். புக்கிங் பிழைச்சுப்போச்சு."

"அப்ப மேல போய்ப் படுங்கோ. நாளைக்கு மூண்டு மணிக்கு மாப்பிள்ளையா வாரும். அதுக்குப் பிறகு யோசிப்பம்."

மறுநாள் மதியம் அவருடைய சவரக் கத்தியால் முகத்தை மழித்தேன். அவருடைய வெள்ளைச் சட்டையைப் போட்டேன். கழுத்தில் இன்னொரு மனிதருக்கும் இடமிருந்தது. இரண்டரை மணிக்கு அன்ரி எங்கள் இருவரையும் பின்கதவால் வெளியே அனுப்பினார். தெருவை மூன்று தடவை சுற்றினோம். சரியாக மூன்று மணிக்கு முன்வாசல் மணியை அடித்தேன். காலையில் எனக்கு இட்லி பரிமாறிய அன்ரி, பட்டுச்சேலையில் கதவைத் திறந்து, என்னை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவர் போல, "வாங்கோ தம்பி, பயணம் எல்லாம் சுகமோ?" என்று கேட்டார். அவருடைய உதடுகள் துடித்ததை நான் பார்த்தேன். ராசண்ணை, இப்போது திரு. கந்தையா இராசநாயகம், கைகொடுத்தார். செந்தில் மிக அடக்கமாக ஒரு றோல்ஸை எடுத்து, கடித்து, "வெங்காயம் நல்லா உரிச்சிருக்காங்க" என்றான். அதோடு வீடே வெடித்தது. அன்ரி சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா பென்டில் ஹில்லிலிருந்து தொலைபேசி எடுத்து, பின்னணிச் சத்தத்தைக் கேட்டு, சம்பந்தம் கூடிவந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் இருவரையும் தனியே பேச விட்டார்கள். தாரணி நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"வேற ஏதாவது சொல்லாம விட்டிருக்கிறீங்களோ?"

யோசித்தேன். "விடுதியை ஓகஸ்ட் இருபத்திமூண்டுக்குப் பதிஞ்சுபோட்டன். ஜூலைக்குப் பதிலா."

"நீங்களோ? திகதியில பிழையோ?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். பதில் அன்றைக்கே வரவில்லை. ஏழு மாதம் கடிதமும் தொலைபேசியுமாகப் போனபின்தான் வந்தது. 2012இல் கலியாணம். 2013 தொடக்கத்தில் சிட்னிக்கு வந்த தாரணி, வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே, "வில்லாவுட்டுக்கு எந்த வழி?" என்று கேட்டாள். நான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே அவள் பேசுவாள், நான் எழுதுவேன். அவர்களுக்குத் திகதி ஞாபகமில்லாத இடங்களை வெறுமையாகவே விடப் பழகிக்கொண்டேன்.

மாமா சிட்னிக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதை இல்லாமல் ஒரு கொண்டாட்டமும் நடப்பதில்லை. பிறந்தநாள் வீடோ, நூல் வெளியீடோ, என் தோளில் கை போட்டு, "இவர் என்ர மருமகன். இத்தாலிப் பக்கத்தால வந்தவர்" என்றுதான் அறிமுகம் செய்வார். புதிதாக யாராவது என் கடவுச்சீட்டைப் பற்றிப் பேசினால், "படம் சரியில்லை" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. தாரணி என்னை எப்போது அடையாளம் கண்டாள்? படிவம் நிரப்பும்போதுதான் என்று கலியாணத்துக்கு முன் சொன்னாள். வாசலில் கிடந்த பையில் சிட்னி விமான நிலையத்துச் சீட்டைக் கண்டபோதே என்று 2014இல் சொன்னாள். போன வருடம், பாத்திரம் கழுவிக்கொண்டே, மூன்றாவதாக ஒன்று சொன்னாள்: அன்றைக்கு வேலைக்குப் போகுமுன் கோயில் பந்தியில் பாயசம் ஊற்றியது அவள்தானாம், நான்கு பக்கம் எழுதியவன் இப்படித்தான் இருப்பான் என்று பார்த்த உடனேயே தெரிந்ததாம், "அந்த ரெண்டு பேரும் பாவம், வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ" என்று தகப்பனிடம் சொன்னதும் அவள்தானாம்.

மாமாவிடம் கேட்டேன். "ஆரோ சொன்னவைதான். ஆரெண்டு ஞாபகமில்லை" என்றார். மெல்பேர்னுக்கு எடுத்துச் செந்திலிடம் கேட்டேன். பாயசம் ஊற்றியது கண்ணாடி போட்ட ஒரு பெண் என்று அடித்துச் சொல்கிறான். தாரணி கண்ணாடி போடுவதில்லை. அப்போது போட்டிருந்ததாகச் சொல்கிறாள். அந்த வருடத்துப் படங்கள் எதிலும் கண்ணாடி இல்லை. என் நாட்குறிப்பில் பாயசம் பற்றியே ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னவர் யார் என்பது, இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.